எக்ஸாஸ்ட் வால்வு: 21-4என் போதுமா, நிமோனிக் வேண்டுமா, நடுவில் ஒன்று இருக்கிறதா?

என்ஜினுக்குள் காற்றை விடும் இன்லெட் வால்வாவது ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ந்த காற்று பட்டுத் தப்பித்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எரிந்த வாயு முழுவதும் அதன் கழுத்தைச் சுற்றித்தான் வெளியேற வேண்டும். டர்போ பெட்ரோல் என்ஜின்களில் அதன் தலைப்பகுதி 800 டிகிரி செல்சியஸைக்கூட எட்டிவிடும்.

பல காலமாக இந்த வேலையைச் செய்துவருவது 21-4என் எஃகு. 21% குரோமியம், 4% நிக்கல், 9% அளவில் மாங்கனீசு, கொஞ்சம் நைட்ரஜன். மலிவுக்குக் காரணம் கடைசி இரண்டும்தான், அதிக நிக்கல் போட்டுச் செய்ய வேண்டியதை அவை பெருமளவு செய்துவிடுகின்றன. 700, 750 டிகிரி வரை கவலையில்லை, அதற்கு மேல் பலம் மளமளவென்று இறங்கும்.

எதிர்முனையில் நிமோனிக் 80ஏ. 1940-களில் பிரிட்டனில் ஜெட் என்ஜினுக்காக உருவான சரக்கு, முக்கால் பங்கு நிக்கல். அலுமினியமும் டைட்டானியமும் நிக்கலோடு சேர்ந்து உள்ளே நுண்துகள்களாகப் படிவதால் சூட்டிலும் உலோகம் இளகாமல் நிற்கிறது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிரச்சினை காசுதான். 2022 மார்ச்சில் நிக்கல் டன்னுக்கு 1 லட்சம் டாலரைத் தாண்டியபோது லண்டன் உலோகச் சந்தை வியாபாரத்தையே நிறுத்திவைத்தது. அந்தச் சந்தையை நம்பி லட்சக்கணக்கில் வால்வு செய்வதை நினைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான போட்டி நடுவில்தான். ஜப்பானியர்களின் என்சிஎஃப் 3015 என்ற உலோகத்தில் நிக்கல் 30%, குரோமியம் 15%, மீதி பெரும்பாலும் இரும்பு, ஆனால் பலம் வரும் வழி நிமோனிக்கின் அதே நுண்துகள் வழிதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் நிக்கலைக் குறைத்த வால்வு உலோகங்களில் வேலை செய்திருக்கிறது. சிக்கல் இல்லாமல் இல்லை. நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் அந்தத் துகள்கள் வேண்டாத தகடு வடிவத்துக்கு மாறிப் பலத்தைக் கெடுக்கலாம், குரோமியமும் குறைவு என்பதால் ஆக்சிஜன் அரிப்பையும் கவனிக்க வேண்டும். இருந்தாலும் டர்போ காருக்கு 80ஏ-க்குப் போகும் முன் நான் இதைத்தான் பார்ப்பேன்.

இன்னொரு குறுக்கு வழி, வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைப்பது. 98 டிகிரியில் உருகி மேலும் கீழும் குலுங்கித் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்திவிடும், அதனால் மலிவான எஃகே இன்னும் கொஞ்சம் தூரம் தாங்கும். (பழையதை அறுத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், சோடியத்தில் ஈரம் பட்டால் தீப்பிடிக்கும்.)

சாதாரண பைக், டர்போ இல்லாத கார் என்றால் 21-4என் தாராளம். ஆனால் வால்வின் சூட்டில் முக்கால்வாசி சீட் (மூடும்போது வால்வு உட்காரும் வளையம்) வழியாகத்தான் என்ஜின் ஹெட்டுக்கு இறங்குகிறது, சீட் சரியாக உட்காராவிட்டால் எந்த உலோகமும் ஓரத்தில் எரிந்து பள்ளம் விழும்.

அப்புறம், நிமோனிக் என்று சொல்லி விற்றால் தலையில் காந்தம் வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், 21-4என்னிலும் ஒட்டாது. கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: நிக்கல் சரக்கில் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில், கொஞ்சமாகத்தான் வரும்.