18 இன்ச் பேஸ் பாக்ஸ் ஒரு ஜோடி: ஒன்று தேறியது, ஒன்று இழுக்கிறது

காட்பாடி பக்கம் இருபது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். ஆடி மாத ஆர்டருக்காக ஒரு கடையில் சொல்லி அடித்து வாங்கிய பாக்ஸ் இது. ஜோடி 46,000 ரூபாய். பிளைவுட் கனமானது, கைப்பிடி ஆழமாக இருக்கிறது, வண்டியில் ஏற்ற ரெண்டு பேர் போதும். பெயின்ட் மட்டும் இன்னும் கையில் ஒட்டுகிறது.

கடையில் குத்துப்பாட்டு போட்டுக் காட்டினார்கள். நெஞ்சு அதிர்ந்தது. ஆனால் குத்துப்பாட்டிலும் பம்பையிலும் பாக்ஸின் குறை தெரியாது. அடிமேல் அடி விழுவதால் எல்லாம் அதில் அமுங்கிவிடும். நான் வீட்டுக்கு வந்து போட்டது ரெகே, ஜமைக்கா நாட்டு இசை.

சிரிக்காதீர்கள். சில வருடம் முன்னால் ஒரு காலேஜ் ஃபங்ஷனில் தான்சானியா பையன் ஒருவன் பென்டிரைவை நீட்டி, "அண்ணா, பேஸ்" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அன்று பிடித்தது. அப்புறம் தேடிப் பார்த்தால், ஜமைக்காவில் அந்த இசையை வளர்த்துவிட்டவர்களில் பாதிப் பேர் நம்ம தொழில்காரர்கள்! 1950களில் கிங்ஸ்டனில், கிளப்புக்குப் போக வசதியில்லாத ஜனங்களுக்காகப் பெரிய பெரிய பாக்ஸை அடுக்கி, அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டவர்கள். பெயர் 'சவுண்ட் சிஸ்டம்'. டியூக் ரீட் போலீஸ் வேலையை விட்டு மதுக்கடை நடத்தியவர். அவருக்குப் போட்டி காக்ஸன் டாட். எதிராளி கண்டுபிடிக்காமல் இருக்கத் தட்டின் லேபிளைச் சுரண்டிவிடுவார்களாம். திருவிழாவில் பாட்டு லிஸ்டை மறைத்து வைத்த ஆள் நான், எனக்கு இது புரிகிறது.

அமெரிக்காவில் ரசனை மாறி அந்த மாதிரித் தட்டு வருவது குறைந்ததும், இவர்களே பாடவைத்துப் பதிவு செய்தார்கள். அப்படிப் பிறந்தது ஸ்கா என்ற வேகமான இசை. நாடு 1962ல் சுதந்திரம் அடைந்தது, மறுவருடம் காக்ஸன் 'ஸ்டுடியோ ஒன்' திறந்தார். 1966 வாக்கில் அதன் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆனது, பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. 1968ல் ரெகே. கிங் டப்பி என்று ஒருவர், ரேடியோ ரிப்பேர்காரர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றத் தெரிந்தவர். பதிவான பாட்டில் குரலை எடுத்துவிட்டு டிரம்மையும் பேஸையும் எக்கோவில் மிதக்கவிட்டார். டப் அதுதான்.

பாக்ஸுக்கு வருகிறேன். ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு தாளம். நாலு அடியில் முதல் அடி காலி, டிரம் மூன்றாவதில்தான் விழும். அந்தக் காலி இடத்தில் நல்ல பாக்ஸ் கப்சிப் என்று நிற்க வேண்டும். ஒரு பாக்ஸ் நின்றது, அருமை. இன்னொன்று ஒவ்வொரு பேஸ் அடிக்கும் பின்னால் 'புஸ்' என்று இழுத்தது. ஊதுவத்தி கொளுத்திப் பின்பக்கப் பலகை ஓரமாகக் கொண்டுபோனேன். நேராக ஏறிய புகை, ஒயர் மாட்டும் தகட்டுக்கிட்ட வந்ததும் அடிக்கு அடி வெட்டி வெட்டி விலகியது. தகட்டுக்கு அடியில் ரப்பரே வைக்கவில்லை.

கடையில் சொன்னால், "அதெல்லாம் ஜனங்களுக்குக் கேக்காதுண்ணே" என்றார்.

கோயில், கல்யாணத்துக்கு மூன்றரை நட்சத்திரம் தரலாம். சிலிகான் ட்யூப் 180 ரூபாய்க்கு வாங்கி நானே அடைத்துவிட்டேன். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி நாலு நாள் ஆகிறது. நீல டிக் ரெண்டு விழுந்திருக்கிறது.