சொல்லிவிட்டுத் தேயும் லைன் எது?

பழைய பாராசூட் வாங்கப் போகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது துணியைத்தான். அது சரிதான், ஆனால் அதோடு நின்றுவிடுகிறார்கள். பழைய எஃப்-111 வகைத் துணி என்றால் சில நூறு குதிப்புகளில் காற்றைக் கசியவிட ஆரம்பிக்கும், தரையிறங்கும்போது பிரேக்கை (துணியின் பின்பகுதியைக் கீழே இழுக்கும் கைப்பிடிகளை) முழுக்க இழுத்தாலும் தூக்கிப் பிடிக்காது. இன்று பரவலாக இருக்கும் சிலிகோன் பூசிய நைலான் அப்படி இல்லை. வெயிலில் காயப்போடாமல் வைத்திருந்தால், ஒரே துணி இரண்டு மூன்று செட் லைன்களை, அதாவது துணியிலிருந்து உங்களைத் தாங்கும் கயிறுகளை, பார்த்துவிடும். முதலில் போவது லைன்தான். எந்த லைன் எப்படித் தேயும் என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும்.

லைன் வகைகளில் டேக்ரானை முதலில் முடித்துவிடலாம். தடியான லைன், கொஞ்சம் இழுபடும், அதனால் திறக்கும்போது உடம்பில் அதிர்ச்சி குறைவு. வானத்தில் ஒருவர் பாராசூட்டை இன்னொருவர் காலால் பிடித்து அடுக்குகிறவர்கள் இதைத்தான் போடுகிறார்கள், மெல்லிய லைன் சுற்றினால் உடம்பை அறுத்துவிடும். நீளமும் அதிகம் மாறாது. வேகமான சின்ன கேனபிக்கு (விரிந்து பறக்கும் துணிக்கு) மட்டும் இந்தத் தடிமன் பாரம், காற்றை எதிர்க்கும்.

ஸ்பெக்ட்ரா மெலிதானது, வலுவானது. ஆனால் இது பாலிஎத்திலீன், 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்லைடரின் (திறப்பை மெதுவாக்க லைன்களில் சறுக்கி இறங்கும் துணியின்) உலோக வளையங்கள் லைனை உரசிக்கொண்டு இறங்குகின்றன, அந்தச் சூட்டில் லைன் சுருங்குகிறது. எல்லா லைனும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையத்தை ஒட்டி ஓடும் ஓரத்து லைன்கள் அதிகம் சுருங்கும், நடுவில் இருப்பவை குறைவாக. எல்லாவற்றையும்விட மோசம் பிரேக் லைன். கையை முழுக்க மேலே விட்டிருக்கும்போது அது பின்னால் லேசாக வளைந்து தொங்க வேண்டும். விறைப்பாக நின்று கேனபியின் வால்பகுதியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால், சுருங்கிவிட்டது என்று அர்த்தம். கேனபி ஒரு பக்கமாகவே திரும்பும், திறப்பு முரட்டுத்தனமாகும். அதாவது, பறக்கும்போதே உங்களிடம் சொல்லிவிடும்.

வெக்ட்ரான் சுருங்காது, ஆனால் உரசலில் பஞ்சு பஞ்சாகப் பிரியும். ரைசரில் (தோளுக்கு மேலே லைன்கள் வந்து சேரும் பட்டையில்) உள்ள வளையத்தின் வழியே பிரேக் லைன் போய்வரும் அந்த அரையடியை விரல் நகத்தில் வைத்து உருட்டிப் பாருங்கள். மேலே மட்டும் ரோமம் எழும்பியிருந்தால் கண் வைத்திருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பகுதியைவிட மெலிந்திருந்தாலோ, இழை அறுந்திருந்தாலோ உடனே பாராசூட் பழுதுபார்க்கும் ரிக்கரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். கீழ்ப் பிரேக் லைனை மட்டும் தனியாக மாற்றலாம், முழு செட்டும் தேவையில்லை.

ஹெச்.எம்.ஏ. என்கிற அராமிட் லைன் இருப்பதிலேயே மெலிது. நீளம் மாறாது, பறப்பு கடைசிவரை புதுசு போலவே இருக்கும். எனக்கு இதில் உறுத்துவதும் அதுதான். பறப்பில் எதுவும் தெரியாமலே ஒருநாள் அறுந்துவிடும். இதைப் போடுகிறவர்கள் குதிப்புகளை எண்ணி, தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கையில் லைனை மாற்றிவிட வேண்டும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும்.

போட்டிக்குப் போகிறவர், கணக்கு வைக்கிறவர் ஹெச்.எம்.ஏ. எடுக்கட்டும். வார இறுதியில் மட்டும் குதிக்கிறவருக்கு நான் ஸ்பெக்ட்ராவைத்தான் சொல்வேன். எதுவாக இருந்தாலும், கேனபி திறந்ததும் உயரத்திலேயே இரண்டு பிரேக்கையும் முழுக்க ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பயிற்சி மாணவர்களும் தொடக்கநிலை ஏ உரிமம் உள்ளவர்களும் ரிசர்வ் என்கிற மாற்று பாராசூட்டுக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டிய உயரம் 2,500 அடி. பிரேக் லைன் அறுவதாக இருந்தால் அதற்கு மேலேயே அறுந்து தொலையட்டும். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஒரு பக்கம் அறுந்தால், மறு கையில் இருக்கும் பிரேக் உங்களைச் சுழற்றித் தரையில் அடித்துவிடும்.

அப்புறம், லைனைப் பார்த்து முடித்ததும் ஸ்லைடரின் நான்கு வளையங்களுக்குள்ளும் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தோலைக் கீறும் பிசிறு ஒன்று இருந்தாலும், புது லைனையே முதல் வாரத்திலிருந்து அது அரித்துக்கொண்டிருக்கும்.