திருமயமா, நார்த்தாமலையா? புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நாள்

புதுக்கோட்டையில் தங்கினால் தெற்கே காரைக்குடி சாலையில் சுமார் 20 கி.மீ. தள்ளி திருமயம், வடமேற்கே திருச்சி சாலைப் பக்கம் 17 கி.மீ.யில் நார்த்தாமலை. இரண்டிலும் பாறையும், பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில்களும் உண்டு. ஆனால் ஓர் ஊருக்கு உகந்த நேரம் இன்னோர் ஊரில் காரியத்தைக் கெடுத்துவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கும், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் திருமயம்தான். காரைக்குடி பஸ்ஸில் ஏறும்போதே ஊருக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டை 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையோடு சேர்த்து ‘ஊமையன் கோட்டை’ என்பதும் அதன் பெயர். உச்சியில் பீரங்கி மேடை; பாதி வழியில் இரும்பு ஏணி ஏறினால் பாறையில் குடைந்த சிறு சிவன் சன்னதி. ஏணி ஏற முடியாதவர்களுக்கும் பெரிய இழப்பில்லை, ஏனென்றால் திருமயத்தின் உண்மையான செல்வம் மலையின் தென்புற அடிவாரத்தில் இருக்கிறது. சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரைகளில். பெருமாள் குடைவரையில் பள்ளிகொண்ட திருமெய்யரைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், பின்சுவரைக் கவனியுங்கள்: மது, கைடபர் என்ற அசுரர்கள் நெருங்கிவர, ஆதிசேஷன் நெருப்பைக் கக்குகிறான். சிவன் குடைவரையில் கருவறைக்கு எதிரே லிங்கோத்பவர். இரு கோயில்களுக்கும் இடையே மூண்ட வழக்கை 13ஆம் நூற்றாண்டில் தீர்த்துவைத்த செய்தி இங்கேயே கல்வெட்டாக இருக்கிறது.

இங்கே பலரும் செய்யும் தவறு, நண்பகலில் போய் இறங்குவது. கோயில்கள் உச்சிவேளையோடு நடை சாத்தி மாலை 4 மணிவாக்கில்தான் திறக்கும். கோட்டையோ மாலை 5 மணிவாக்கில் மூடிவிடும். ஆகவே 3:30க்குக் கோட்டை, இறங்கியதும் கோயில்கள். காரில் போகிறவர்கள் பலர் சாலையோரக் கோட்டை பைரவரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்; பெருமாளைப் பார்க்காமல் போவது வருத்தமான விஷயம்.

அமைதிதான் வேண்டுமென்றால் நார்த்தாமலைக்கு ஈடில்லை. மேலமலைச் சரிவில் வழவழப்பான பாறைமீது கால் மணி நேரம் ஏறினால் விஜயாலய சோழீச்சரம். 9ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டிய கோயில்; சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு எஞ்சியிருக்கின்றன. மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள்: சிறியது பழியிலி ஈச்சரம், பெரியது சமணர் குடகு, உள்ளே 12 விஷ்ணு சிற்பங்கள்.

கோயில் மேற்கு பார்த்தது, குடைவரைகள் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் சிற்பங்கள் பக்கம் விழும். கோயில் முகப்புக்கு மாலை வெயில் வேண்டும். படம் எடுக்க மாலை நல்லதுதான், ஆனாலும் காலையே மேல். பகலெல்லாம் காய்ந்த பாறை சாயங்காலமும் சுடும். இருட்டியபின் இறங்க விளக்கு கிடையாது. 7 மணிக்கு ஏறி 10க்குள் இறங்கிவிடுங்கள். தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள செருப்பு, கையில் ஏதாவது சாப்பாடு கட்டாயம். மலைமேல் ஒன்றும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த பாறை வழுக்கும், அப்போது ஏறாதீர்கள். பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே நிரம்பிவிடும். அது தனி அழகு, அமைதி தேடுகிறவர்களுக்கு உகந்த நேரமல்ல.

பஸ்ஸில் வருவோர் நெடுஞ்சாலைப் பிரிவில் இறங்கி உள்ளே போக வேண்டியிருப்பதால், புதுக்கோட்டையிலிருந்தே ஆட்டோ பேசி, காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலி முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்: காலையில் நார்த்தாமலை, மதியம் புதுக்கோட்டையில் சாப்பாடு, மாலையில் திருமயம். இடைவேளையில் திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம் பார்க்க நினைத்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், அன்று விடுமுறை.