நாயுடன் டோவரிலிருந்து கலேக்கு: போனது ஒரு விதம், வந்தது வேறு விதம்

எங்கள் வீட்டு லேப்ரடார் நாயின் பெயர் மணி. 2023 செப்டம்பரில், அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அவனையும் காரில் ஏற்றிக்கொண்டு, இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்குக் கப்பலில் கடந்து, நார்மண்டியில் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பினோம். போகும்போது ஒரு நிறுவனத்தின் கப்பலிலும் வரும்போது இன்னொரு நிறுவனத்தின் கப்பலிலும் இடம் பதிவு செய்திருந்தோம். இரண்டும் ஒரே நீரிணையை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கடக்கின்றன. காருக்கான கட்டணத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் அந்த ஒன்றரை மணி நேரம் நாய் எங்கே இருந்தது என்ற ஒரே காரணத்தால் இரண்டு பயணங்களும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டன. ஒரு நாள் கண்டதை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது சரியாக இராது என்பதால் பெயர்களைத் தவிர்த்து, அந்த இரண்டு ஏற்பாடுகளையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் நாய்க்காகச் செய்ய வேண்டியிருந்தவற்றையும் எழுதுகிறேன்.

கப்பலுக்கு முன் காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2020 இறுதி வரை, ஒருமுறை வாங்கிய செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு ஆண்டுக்கணக்கில் பயன்பட்டது. 2021 ஜனவரி 1 முதல், இங்கிலாந்தில் வழங்கப்பட்ட அந்தக் கடவுச்சீட்டு, பிரிட்டன் விலகிவிட்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாமல் போய், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று. (2000 ஆம் ஆண்டுக்கு முன் பிரிட்டனுக்குள் வந்த நாய்கள் ஆறு மாதம் தனிமைக் காவலில் கிடந்தன என்பதை நினைத்தால் இது ஒரு குறையே இல்லை என்று என் மனைவி சொல்கிறார், பணம் கட்டியவன் நான் என்பதால் எனக்கு அவ்வளவு பெருந்தன்மை வரவில்லை.) நாய்க்கு முதலில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்தி, அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும், வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது. ஊசி போடும்போது நாய்க்குப் பன்னிரண்டு வாரமாவது நிறைந்திருக்க வேண்டும். முதல் ஊசி என்றால் அதற்குப் பிறகு 21 நாள் காத்திருந்துதான் புறப்பட முடியும். சான்றிதழை, பிரான்சுக்குள் நுழையும் நாளுக்கு முந்தைய பத்து நாட்களுக்குள், அதற்கென அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். எங்கள் வழக்கமான மருத்துவருக்கு அந்த அங்கீகாரம் இல்லை. ஆகவே நாற்பது நிமிடத் தொலைவில் இருந்த இன்னொருவரைத் தேடிப் போனோம். அவர் மணியின் தோளருகே கருவியை வைத்து எண்ணைப் படித்து, ஊசிப் பதிவேட்டுடன் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, பத்துப் பக்கத்துக்கு மேல் நீண்ட அந்தக் காகிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினார். அதுவரை வாலாட்டிக்கொண்டிருந்த மணி, முத்திரைச் சத்தம் தொடங்கியதும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்தச் சான்றிதழுக்கு 180 பவுண்டு கொடுத்தோம். கப்பலில் நாய்க்கான கட்டணமோ போகும்போது 18 பவுண்டுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். பயணச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் கப்பல் நிறுவனத்தின் விளம்பரத்தில் உள்ள தொகையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் நுழையும் நாட்டின் மொழியில் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பதால், ஆங்கிலமும் பிரெஞ்சும் உள்ள காகிதத்தை வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று நெதர்லாந்துக்குச் செல்லும் கப்பலுக்கு மாறிவிட முடியாது. உள்ளே நுழைந்த பிறகு ஒன்றிய நாடுகளுக்குள் சுற்றித் திரும்புவதற்கு அதே சான்றிதழ் அப்போது நான்கு மாதம் வரை செல்லுபடியாயிற்று.

நாய்த் தீனியிலும் ஒரு சிக்கல் உண்டு. இறைச்சியோ பாலோ கலந்த உணவைப் பிரிட்டனிலிருந்து ஒன்றிய நாடுகளுக்குள் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. நோய்க்காக மருத்துவர் பரிந்துரைத்த சிறப்புத் தீனி என்றால் மட்டும் இரண்டு கிலோ வரை கொண்டு போகலாம். நாங்கள் கலேயில் இறங்கியதும் ஒரு பேரங்காடியில் பிரெஞ்சுத் தீனி வாங்கினோம். திடீரென்று தீனி மாறியதால் மணிக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் போயிற்று. அங்கே கிடைக்கும் தீனிவகை ஒன்றை ஊரிலேயே வாங்கி, ஒரு வாரம் முன்பிருந்தே பழக்கியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

இனிப் போன பயணம். இந்தக் கப்பலில் நாய் காருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. டோவரில் பிரெஞ்சு அதிகாரிகளின் கடவுச்சீட்டுச் சோதனை, பதிவுக் கூண்டு, பிறகு வரிசை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கண்ணாடியில் தொங்கவிடுவதற்கு நாய்ப் படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த ஊழியர்கள் எங்கள் காரை இரண்டு பெரிய லாரிகளுக்கு நடுவே, காற்று வரும் பக்கமாக நிறுத்தச் சொன்னார்கள். அதைப் பாராட்ட வேண்டும். கண்ணாடிகளை ஓரங்குலம் இறக்கி, டிக்கியில் தண்ணீர்க் கிண்ணமும் அவன் பழகிய போர்வையும் வைத்துவிட்டு மேலே ஏறினோம். கப்பல் ஓடும்போது கார்கள் நிற்கும் தளத்துக்குப் பயணிகள் இறங்கக் கூடாது; பாதுகாப்புக்கான அந்த விதியில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

புறப்பட்டு நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ஒலிபெருக்கியில் எங்கள் காரின் எண்ணை வாசித்தார்கள். காருக்குள் அசைவு ஏற்பட்டால் கூவும் எச்சரிக்கை மணியை நாங்கள் அணைக்கவில்லை. நாய் எழுந்து நடக்கும்போதெல்லாம் அது அலறியிருக்கிறது. அலறலைக் கேட்டு நாய் இன்னும் பதறியிருக்கிறது. முகப்பு மேசையில் பெயரைச் சொல்லி, ஊழியர் ஒருவர் கூட வர, இரும்புப் படிகளில் இறங்கினோம். கீழே எந்திரத்தின் அதிர்வு உள்ளங்காலில் ஏறுகிறது; லாரிகளைக் கட்டிய சங்கிலிகள் ஒவ்வோர் அலைக்கும் தளத்தில் மோதிக் கிணுகிணுக்கின்றன; டீசல் வாடை தொண்டையை அடைக்கிறது. எங்கள் காரின் பின் கண்ணாடி முழுவதும் மூச்சின் ஆவி படர்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. அதில் மூக்கால் தேய்த்த கோடுகள் மட்டும் தெரிந்தன. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து போர்வை நனைந்திருந்தது. மணி குரைக்கவில்லை, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு, கதவைத் திறந்ததும் தலையை என் கைக்குள் நுழைத்தான். எச்சரிக்கையை அணைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் மேலேறச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்த நேரத்தில் வாங்கிய தேநீர் ஆறிப்போயிற்று; நாங்கள் இருவரும் குடிக்கவில்லை.

எச்சரிக்கையை அணைக்காதது எங்கள் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலின் நான்காம் பக்கத்தில் அது ஒரு வரியாக இருந்ததைப் பிறகு பார்த்தேன். ஆனால் நாய் அட்டையைக் கொடுத்த ஊழியர், அதைக் கொடுக்கும்போதே அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லியிருக்கலாம்; அதற்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகாது. பல கார்களில் உட்கூரை விளக்கின் அருகே இதற்கென ஒரு பொத்தான் இருக்கும். சிலவற்றில் திரையின் உள்ளே தேடி எடுக்க வேண்டும். துறைமுக வரிசையில் காத்திருக்கும்போதே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூண்டுக்குள் உறங்கிப் பழகிய நாய்க்கும், தனியே விட்டால் படுத்துவிடும் நாய்க்கும் இந்த ஏற்பாடு போதும் என்றே நினைக்கிறேன். எங்கள் நண்பர் வீட்டு டெரியர் இதே தளத்தில் குறட்டை விட்டுத் தூங்கியதாம். நிழலைப் போல ஆளைத் தொடர்ந்தே பழகிய நாய்க்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நார்மண்டியைப் பற்றி எழுத இது இடமில்லை. நாயோடு இருப்பதற்கு நல்ல ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திரும்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நரிகளிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து மனிதனுக்கும் பரவக்கூடிய ஒருவகை நாடாப்புழு ஐரோப்பியக் கண்டத்தில் உண்டு, பிரிட்டனில் இல்லை. அது நுழையாமல் இருக்க, பிரிட்டனில் கால் வைப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஒரு கால்நடை மருத்துவர் நாய்க்குப் புழு மருந்து கொடுத்து, அதைச் சான்றிதழில் நாளும் மணியும் குறித்து எழுதித் தர வேண்டும். மாத்திரையை நாமே வாங்கி விழுங்க வைத்தால் செல்லாது. எங்கள் கப்பல் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு டோவரைச் சேர வேண்டியது. ஆகவே புதன் காலை 11 மணிக்கும் ஞாயிறு காலை 11 மணிக்கும் இடையில் மருந்து கொடுத்தாக வேண்டும். ஞாயிறு மருத்துவமனை இல்லை, சனி பாதி நாள். கணக்குப் போட்டு வெள்ளி மாலைக்கு நேரம் வாங்கினோம். கட்டணம் 45 யூரோ. மருத்துவர் அன்பானவர், மாத்திரையைப் பாலாடைக்கட்டியில் பொதிந்து கொடுத்தார், கையொப்பமிட்டு முத்திரையும் குத்தினார். காரில் ஏறி அமர்ந்து காகிதத்தைப் புரட்டிய என் மனைவி, நாள் இருக்கிறது, மணி இல்லை என்றார். முதலில் அவர் நாயைத் தேடுகிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பிறகு விளங்கியது, ஓடிப்போய் எழுதி வாங்கி வந்தோம். அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்திருந்தால் கப்பலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். மீண்டும் மருந்து கொடுத்து மீண்டும் 24 மணி நேரம் கலேயில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கலேயில் பதிவுக் கூண்டிலிருந்த பெண், சிப் படிக்கும் கருவியைக் கண்ணாடி வழியாக என்னிடமே நீட்டிவிட்டார். நாயின் கழுத்தைச் சுற்றி நாமே அதை நகர்த்தி, எண் தோன்றியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறு ஆண்டில் மணியின் சிப் தோளிலிருந்து சற்றே இடம்பெயர்ந்திருந்ததால், பின்னால் நின்ற வண்டிகள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று முறை தடவினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்து, எண்ணையும் மருந்து கொடுத்த மணியையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். தேர்வு எழுதும் பள்ளிப் பிள்ளையைப் போல நான் பதற்றத்துடன் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

வந்த கப்பலில், நாய்களுக்கும் அவற்றின் வீட்டாருக்கும் என்று தனியாக ஓர் ஓய்வறை உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி முன்பே பதிவு செய்ய வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, துறைமுகத்தில் வந்து கேட்டால் கிடைப்பது அரிது. கார்த் தளத்திலிருந்து வார் பிடித்து அழைத்துப் போகையில், வரிவரியாக மேடிட்ட இரும்புப் படியில் கால் வைக்க மணி மறுத்துவிட்டான். 32 கிலோ எடையை நான் தூக்கிக்கொண்டு ஏறினேன். மின்தூக்கி இருந்ததை மேலே போன பிறகுதான் பார்த்தோம்; ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம். அறை ஆடம்பரமானதன்று. துடைக்க எளிதான தரை, வரிசையாகத் தண்ணீர்க் கிண்ணங்கள், மனிதர்களுக்குக் காப்பியும் பிஸ்கோத்தும், கதவைத் திறந்தால் திறந்தவெளித் தளத்தில் செயற்கைப் புல் விரித்த ஒரு மூலை. அந்தப் புல்லை மணி நெடுநேரம் முகர்ந்து பார்த்தான். அதற்கு முன் வந்துபோன அத்தனை நாய்களின் வரலாறும் அதில் இருந்திருக்க வேண்டும். பிறகு உள்ளே வந்து என் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டான். அறையில் இருந்த ஆறு நாய்களில் ஒன்று மட்டும் வழி நெடுகக் குரைத்தது. அமைதியான கடற்பயணத்தை எதிர்பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்க.

நீரிணையைக் கடக்க வேறு வழிகளும் உண்டு. ஃபோக்ஸ்டனிலிருந்து சுரங்க ரயிலில் காரோடு ஏறினால் 35 நிமிடத்தில் கடந்துவிடலாம், நாயும் நம் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலும் கப்பலைவிடக் கட்டணம் கூடும். கப்பலில் தனியே இருக்க முடியாத, புது இடத்தில் மற்ற நாய்களோடும் ஒத்துப்போகாத நாய் என்றால் அந்தக் கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஹாரிச்சிலிருந்து நெதர்லாந்துக்கும் போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஸ்பெயினுக்கும் செல்லும் நீண்ட பயணங்களில், நாயுடன் தங்குவதற்கென்றே ஒதுக்கிய அறைகள் உள்ளன. அவை மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடுவதால், விடுமுறை நாளை முடிவு செய்யும்முன் அறை இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், போன கப்பலுக்கு இரண்டரை, வந்த கப்பலுக்கு நான்கு போடுவேன். குறைத்த ஒன்றில் பாதி அந்த அம்புக்குறிக்காக. மீதி, போகும் வழிக்கும் அதே நிறுவனத்திடம் ஓய்வறை கேட்டபோது இடமில்லை என்று சொன்னதற்காக. அடுத்த பயணத்துக்கு இரு வழிக்கும் ஓய்வறையை முதலில் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகே தங்குமிடம் தேடத் தொடங்கியிருக்கிறோம். சான்றிதழுக்கு மீண்டும் 180 பவுண்டு எடுத்து வைத்திருக்கிறேன்; மணிக்கு வீட்டு மாடிப்படியில் இரும்புத் தகடு ஒன்றை வைத்து ஏறப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.