வாக்கிங் ஃபுட்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

என் அலமாரியின் கீழ்த்தட்டில் நான்கு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை) மேல்பகுதிகள் மடித்தபடியே கிடந்தன. துண்டுகளை வெட்டி, அடுக்கி, நிறம் பார்த்து இணைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், ஆறேழு கட்டம் தைத்துவிடுவேன். ஆனால் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் கட்டம் வந்தால் கை நின்றுவிடும். மேல்துணி ஊசிக்கு முன்னால் குவிந்துகொண்டே போய், குறுக்குத் தையல் வரும் இடத்தில் மடிந்து நிற்கும். திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் கொசுவம். பிரித்துத் தைத்தாலும் மறுபடி அதே இடத்தில் மடிப்பு விழும்.

இதற்காகத்தான் வாக்கிங் ஃபுட் வாங்கினேன். தையல் மிஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டுக்கு (பாதத்துக்கு) பதிலாக மாட்டும் பாகம் இது. மிஷின் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு இல்லை. லோ ஷாங்க் (ஃபுட் மாட்டும் தண்டு குட்டையாக உள்ள) மிஷின்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொது வகை. எட்டு மாதத்தில் ஒரு பெரிய குவில்ட், ஒரு குழந்தை விரிப்பு, சில மேசை விரிப்புகள், பைகள் என்று இதை வைத்துத் தைத்திருக்கிறேன்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகத் துணியை நகர்த்துவது ஊசித் தட்டுக்குக் கீழே ஏறி இறங்கும் பற்கள்தான். மேலே உள்ள ஃபுட் அமுக்கிப் பிடிப்பதோடு சரி. இரண்டு மெல்லிய துணி என்றால் இது போதும். நடுவில் பஞ்சு வந்ததும் நிலைமை மாறுகிறது. பல் இழுப்பது அடித்துணியை மட்டும். மேல்துணி ஃபுட்டின் உராய்வில் பின்தங்குகிறது. வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் ஒரு ஜோடி பற்கள் இருக்கின்றன. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கவட்டை, ஊசியை இறுக்கும் திருகின் மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்க, கவட்டையும் கூடவே ஏறி இறங்கும். அந்த அசைவில்தான் மேல் பற்கள் நகர்கின்றன. அதாவது மேலும் கீழும் ஒரே அடி வைத்துத் துணி போகிறது.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்தேன். 50 செ.மீ. நீளத்தில் இரண்டு பருத்திப் பட்டைகள், நடுவில் அதே நீளத்தில் பஞ்சு. ஊக்கு எதுவும் குத்தாமல், தொடக்க முனையை மட்டும் சரியாக வைத்து, பழைய ஃபுட்டில் தைத்தேன். முடிவில் மேல்பட்டை கிட்டத்தட்ட 1 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு ஜோடியை வாக்கிங் ஃபுட்டில் தைத்தேன். வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. அரை மீட்டரில் 1 செ.மீ. என்றால், ஒன்றரை மீட்டர் குவில்டில் எவ்வளவு துணி மடிப்பாகச் சேரும் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு பட்டைகளையும் இன்னும் வைத்திருக்கிறேன். தைக்கப் பழகும் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

மாட்டுவதில் கவனம் வேண்டும். பட்டென்று மாட்டும் வகை ஃபுட் உள்ள மிஷினில், ஃபுட்டை மட்டும் கழற்றினால் போதாது. அதைப் பிடித்திருக்கும் துண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, தண்டிலேயே இதை இறுக்க வேண்டும். கவட்டை ஊசித் திருகின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அது கீழே நழுவியிருந்தால் மேல் பற்கள் அசையாது. ஃபுட் மாட்டியும் பலன் இருக்காது. பிறகு கை சக்கரத்தை நான்கு சுற்று கையாலேயே சுற்றிப் பார்க்கவும். ஊசி எங்கும் இடிக்காமல் இறங்கினால்தான் மிதியில் கால் வைக்கலாம். கீழ்ப் பற்களை இறக்கிவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

தையல் நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. துண்டு இணைக்கும்போது நான் 2.5 மி.மீ. வைப்பேன். பஞ்சுள்ள அடுக்கில் அதே அளவை வைத்தால், கனத்தில் நூல் உள்வாங்கித் தையல் நெருக்கமாகவும் சின்னதாகவும் தெரிகிறது. 3 முதல் 3.5 வரை வைத்தால் கோடு அழகாக விழுகிறது. ஊசியின் பருமன் எண் 90/14. ஃபுட் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மிஷினில் இருந்தால் ஒரு படி குறைத்துப் பாருங்கள், எனக்கு அது நல்ல மாற்றத்தைத் தந்தது.

சரி, பெரிய வேலைக்கு வருகிறேன். அப்பாவின் சட்டைகள் ஒன்பது. அவர் இல்லாமல் போய் இரண்டு வருடம் கழித்து அம்மா ஒரு நாள் அவற்றை எடுத்துக் கொடுத்து, "வெட்டிக்கோ, சும்மா மடிச்சு மடிச்சு வைக்கிறதுக்கு ஏதாவது செய்" என்றார். பெரும்பாலும் கட்டம் போட்ட சட்டைகள், இரண்டு மட்டும் கோடு. காலர், கைப்பட்டி எல்லாம் உள்ளே விறைப்புத்துணி வைத்தவை என்பதால் ஒதுக்கிவிட்டு, முதுகு, கை, முன்பக்கம் என்று 6½ அங்குலச் சதுரங்களாக 63 வெட்டினேன். தைத்த பிறகு ஒவ்வொன்றும் 6 அங்குலம். ஏழு வரிசை அகலம், ஒன்பது வரிசை நீளம். மொத்தம் 42க்கு 54 அங்குலம். ஒரு சதுரத்தில் மட்டும் சட்டைப் பையை அப்படியே விட்டேன்.

கட்டம் போட்ட துணியில் பிழை ஒளியாது. கட்டக் கோடு தையலுக்குப் பக்கத்திலேயே ஓடுவதால், துணி கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் இந்தச் சட்டைக் குவில்டைப் பழைய ஃபுட்டில் தொடவே எனக்குத் துணிவு வரவில்லை. துணி கெட்டால் வேறு வாங்க முடியாது.

அடித்துணியை எல்லாப் பக்கமும் 4 அங்குலம் பெரிதாக வெட்டி, தரையில் இழுத்து ஒட்டுநாடா போட்டு, பஞ்சையும் மேல்துணியையும் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு என்று நடுவிலிருந்து வெளியே குத்திக்கொண்டு போனேன். முழங்கால் வலித்தது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: இந்த வேலையை வாக்கிங் ஃபுட் உங்களுக்காகச் செய்யாது. அடித்துணி தொய்வாக இருந்தால் அந்தத் தொய்வையும் அப்படியே சீராகத் தைத்துக் கொடுத்துவிடும். முதல் மேசை விரிப்பில் அவசரப்பட்டு நான்கே ஊக்கு குத்தினேன். அடியில் இரண்டு இடத்தில் மடிப்பு விழுந்தது. அது ஃபுட்டின் குறை இல்லை.

சட்டைக் குவில்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளி ஒரு கோடு என்று முடிவு செய்தேன். முதலில் நடுவுக்கு அருகில் உள்ள ஓர் இணைப்பை ஒட்டி மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு. பிறகு இரு பக்கமும் இடைவெளி விட்டு ஒவ்வொரு கோடு, அப்புறம் இடையில் உள்ளவை. நெடுங்கோடுகள் எல்லாவற்றையும் ஒரே திசையில், மேலிருந்து கீழாகவே தைத்தேன். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை எதிர் எதிர்த் திசையில் தைத்தால், நடுவில் உள்ள துணி சாய்வாக முறுக்கிக்கொள்ளும். வாக்கிங் ஃபுட் இருந்தாலும் இது நடக்கும். குறுக்குக் கோடுகள் வரும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பழைய குவில்டுகள் எல்லாம் கெட்டது அங்கேதான். முதல் குறுக்குக் கோட்டில் நெடுங்கோடுகள் பன்னிரண்டைத் தாண்டினேன். ஒரு மடிப்பும் இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்பிக் கையால் தடவிப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. அன்று இரவு இரண்டு மணி வரை தைத்தேன்.

பைச் சதுரத்தைத் தாண்டுவது மட்டும் தனிக் கதை. பையின் மேல்மடிப்பு, சதுரத்தின் இணைப்பு, பஞ்சு எல்லாம் சேர்ந்து கனமாகிவிட்டது. மெதுவாக, கை சக்கரத்தைச் சுற்றியே அந்த இரண்டு அங்குலத்தை ஓட்டினேன். தட்டையான கனத்தில் ஃபுட் நன்றாகவே போகிறது. திடீரென்று ஏறும் கனத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்கிறது, அங்கே தையல் சின்னதாகிவிடுகிறது. பைக்கு நடுவே கோடு எதுவும் போடவில்லை. எத்தனை அங்குல இடைவெளி வரை தைக்காமல் விடலாம் என்பது பஞ்சின் உறையிலேயே இருக்கும். சில வகைக்கு 4 அங்குலம்தான், சிலவற்றுக்கு 8, 10 வரை போகலாம். என்னுடையது 8 அங்குலத்தைத் தாங்கும் வகை, அதனால் 6 அங்குலச் சதுரத்தைத் திறந்து விட முடிந்தது.

குறைகள் இருக்கின்றன. முதலாவது, ஃபுட் பருமனானது. ஊசி விழும் இடம் முன்பக்கத்திலிருந்து சரியாகத் தெரிவதில்லை. இணைப்புப் பள்ளத்துக்குள்ளேயே தையல் ஒளிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும்; நான் முயன்று பார்த்து, கோடு மேலே ஏறி ஏறி இறங்கியதால் கைவிட்டேன். முன்பக்கம் திறந்த வடிவத்தில் வருவதும் உண்டு. இப்போது வாங்கினால் அதைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது, கூடவே வரும் வழிகாட்டிக் கம்பி. முந்தைய கோட்டின் மேல் இந்தக் கம்பி ஓடினால் அடுத்த கோடு சம இடைவெளியில் விழும், சாக்பீஸ் போடவே வேண்டாம். யோசனை அருமை. ஆனால் எனக்கு வந்த ஃபுட்டில் கம்பியைப் பிடிக்கும் இடம் தளர்வு. பத்து நிமிடம் தைத்தால் 2 அங்குலம் 2¼ ஆகிவிடும். குழந்தை விரிப்பில் நான்கு கோடுகளைப் பிரித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். இப்போது கம்பியில் ஒட்டுநாடா சுற்றி இறுக்கிச் செருகுகிறேன், நகரவில்லை. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

சத்தமும் அதிகம். டக் டக் என்று கவட்டை அடிக்கும் ஓசை, தூங்குபவர்கள் பக்கத்து அறையில் இருந்தால் கேட்கும். அதிர்வில் ஃபுட் திருகும் ஊசித் திருகும் மெல்லத் தளர்கின்றன. ஒவ்வொரு பாபின் (கீழ்நூல் சுற்றிய உருளை) மாற்றும்போதும் இரண்டையும் ஒருமுறை இறுக்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வேகமாக ஓட்டினால் மேல் பற்கள் ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறுகின்றன. நடுத்தர வேகம்தான் இதற்குச் சரி.

பின்னோக்கித் தைக்க இதைப் பயன்படுத்த வேண்டாம், பற்கள் முன்னே தள்ளுவதற்காகவே அமைக்கப்பட்டவை. கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தையல் நீளத்தைக் குறைத்து ஆறேழு தையல் நெருக்கமாகப் போட்டால் நூல் பிரியாது. பூ, சுருள், இஷ்டத்துக்கு வளைந்து போகும் கோடுகளுக்கும் இது ஆகாது. அதற்குக் கீழ்ப் பற்களை இறக்கிவிட்டு, துணியைத் தாராளமாக நகரவிடும் டார்னிங் ஃபுட் போட்டு, துணியைக் கையால் நகர்த்த வேண்டும். மெல்லிய அலை போன்ற வளைவு மட்டும் வாக்கிங் ஃபுட்டில் நன்றாக வருகிறது. துண்டு இணைக்கவும் இதைப் போடாதீர்கள். என் ஃபுட்டின் விளிம்பு ஊசியிலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதை அளவாக நம்பித் தைத்தால் சதுரங்கள் எல்லாம் சின்னதாகிப் போகும்.

பெரிய குவில்டில் இன்னொரு விஷயம், ஃபுட் நன்றாக இருந்தாலும் போர்வையின் எடை மேசையிலிருந்து தொங்கினால் அதுவே துணியைப் பின்னால் இழுக்கும். இடது பக்கம் இஸ்திரி மேசையை அதே உயரத்துக்கு வைத்து, போர்வையை அதன் மேல் கிடத்தினேன். கோடு நேராக வந்ததில் பாதிப் பெருமை அந்த இஸ்திரி மேசைக்குத்தான்.

நான் எதிர்பார்க்காமல் இது உதவியது ஓரப்பட்டியில். 2½ அங்குலப் பட்டையை இரண்டாக மடித்துக் குவில்டின் விளிம்பில் தைக்கும்போது மொத்தம் ஐந்து அடுக்கு. முன்பெல்லாம் மூலைக்கு வருவதற்குள் பட்டி இழுபட்டு, விளிம்பு அலை அலையாக நிற்கும். இப்போது மூலை வரை தட்டையாக வருகிறது. மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, பட்டியை மடித்துத் திருப்பினால் கூர்மையான மூலை கிடைக்கிறது. குவில்டே தைக்காதவர்களுக்கும் நீட்டும் பின்னல் துணி, வழுக்கும் ரெக்சின், கட்டம் பொருத்த வேண்டிய சட்டை இதற்கெல்லாம் பயன்படும்.

சின்ன விரிப்பு, கைப்பிடித் துணி மட்டும் தைப்பவர்களுக்கு இது அவசியம் என்று சொல்ல மாட்டேன். நெருக்கமாக ஊக்கு குத்தி, மெதுவாக ஓட்டினால் பழைய ஃபுட்டிலேயே ஒப்பேற்றலாம். மடியில் போடும் அளவுக்கு மேல் ஏதாவது தைப்பதாக இருந்தால் வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் மிஷின் லோ ஷாங்கா, ஹை ஷாங்கா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மிஷின்களில் மேலிருந்து இழுக்கும் ஏற்பாடு உள்ளேயே கட்டப்பட்டிருக்கும், அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

அலமாரியில் இருந்த நான்கில் மூன்று முடிந்துவிட்டன. சட்டைக் குவில்டைத் துவைத்து எடுத்தபோது பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கி, கோடுகளுக்கு நடுவே துணி மெத்தென்று உப்பி நின்றது. அது அம்மாவின் நாற்காலியில் இருக்கிறது. பைச் சதுரம் வலது கை படும் பக்கம் வருமாறு மடித்துப் போட்டிருக்கிறார்; படித்து முடித்ததும் கண்ணாடியை அதில்தான் வைக்கிறார்.