தர்மபுரிக் கல்லூரி லேபில் விண்டோஸ் 10-க்குப் பிறகு எது?

தர்மபுரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு லேப், ஒரு அலுவலகம், நூலகத்தில் நான்கு சிஸ்டம். பெரும்பாலானவை நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் காலை எல்லா சிஸ்டமும் வழக்கம்போலவே ஆன் ஆயின. "நல்லாத்தானே ஓடுது, அப்புறம் எதுக்குத் தம்பி மாத்தணும்?" என்று அலுவலகக் கண்காணிப்பாளர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவருக்கு நான் 2017-இல் நடந்ததைச் சொன்னேன். வானாக்ரை என்ற ரான்சம்வேர் அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கி, பல நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. வந்ததைப் போடாமல் விட்ட கணினிகளுக்கே அந்தக் கதி. காசு கட்டாவிட்டால் இனி நம் சிஸ்டங்களுக்கு அப்டேட்டே வராது. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அது திறந்தே கிடக்கும்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. காசு கொடுத்து விண்டோஸ் 10-க்கே அப்டேட் வாங்குவது, பழைய சிஸ்டத்தில் விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றுவது, புது சிஸ்டம் வாங்குவது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது. மூன்று மாதம் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தபின் எழுதுகிறேன்.

முதல் வழி பலருக்குத் தெரியவே தெரியாது. மற்ற நிறுவனங்கள் முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர் கட்ட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். கல்வி நிறுவனத்துக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4, அவ்வளவுதான். மூன்றாண்டுக்கும் சேர்த்து 7 டாலர். லேபில் ஒரு மவுஸ் மாற்றும் செலவில் 2028 அக்டோபர் வரை ஒரு சிஸ்டத்தைக் காப்பாற்றலாம். தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும், புது வசதி எதுவும் வராது. லேபுக்கு அதுவே போதும்.

ஆனால் இதற்கு முறையான லைசென்ஸ் இருக்க வேண்டும். இங்கேதான் நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவும் தடுக்கி விழும். சிஸ்டம் படுத்துவிட்டால் கடையிலிருந்து சர்வீஸ் ஆள் வருவார், ஃபார்மட் போடுவார், கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த விண்டோஸை ஏற்றிவிட்டுப் போவார். எங்கள் லேபிலும் அப்படி ஏற்றப்பட்டவை இருந்தன. கிராக் கருவியை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். யாரோ எழுதிய, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு நிரலுக்கு, காவலையும் எடுத்துவிட்டு முழு அதிகாரம் கொடுக்கிறோம். அதன்பிறகு எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று பேசுவதில் பொருளில்லை.

இரண்டாம் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர். இந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ ரூஃபஸ் போன்ற கருவிகள் இருக்கின்றன. இரண்டு சிஸ்டத்தில் செய்து பார்த்தேன். ஏறியது. ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் தருவதாக எந்த உறுதியும் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம், அதற்கே உறுதியில்லை என்றால் எதற்கு? பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு பெரிய அப்டேட் முடிவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடிமழை வந்து கரண்ட் போனால், யுபிஎஸ் பேட்டரி தாங்காமல் பாதியில் நின்றுபோகும். இந்த வழி வேண்டாம்.

புது சிஸ்டம் வாங்குவது நல்லதுதான், பணம் இருந்தால். எங்களுக்கு அலுவலகத்துக்கு மட்டும் மூன்று வாங்க அனுமதி கிடைத்தது.

லினக்ஸைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. பெரும்பாலான மாணவர்கள் அதைத் திறந்து பார்த்ததில்லை, சொல்லித்தர ஆள் இல்லாததால். பக்கத்துக் கேரளத்தில் பள்ளி லேப்களே பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. லினக்ஸில் பல வகை உண்டு, நாங்கள் எடுத்தது லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராமில், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், அதே பழைய ஐ3 முன்பைவிட வேகமாக எழுந்து நிற்கிறது.

கணினி அறிவியல் பிராக்டிகலுக்குத் தேவையான சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்கியூஎல் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். தடையாக நின்றது பழக்கம். பல ஆண்டுகளாக டர்போ சி என்ற பழைய மென்பொருளில் எழுதிய ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே அடுத்த ஆண்டு மாணவரும் எழுதுவார். அதில் முதல் சில வரிகளுக்குள்ளேயே டர்போ சி-க்கு மட்டும் புரியும் கோனியோ ஹெடர் இருக்கும். லினக்ஸில் சி நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரான ஜிசிசி அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகள், தாங்கள்தான் தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துபோனார்கள். அந்த ஹெடரையும் திரையைத் துடைக்கும் வரியையும் எடுத்துவிடலாம் என்று காட்டினேன். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். ஆசிரியர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆனது.

பாதுகாப்பில் எனக்குப் பெரிய நிம்மதி பென்டிரைவ் விஷயத்தில். மாணவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் பிரின்ட் எடுத்துவிட்டு, அதே பென்டிரைவை லேபில் செருகுவார்கள். ஷார்ட்கட் வைரஸ் அப்படித்தான் வரும். உண்மையான கோப்பை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். கிளிக் செய்தால் வைரஸ் ஓடும். போன ஆண்டு இன்டர்னல் மதிப்பெண் கொடுக்க வேண்டிய நாளில் ஒரு பேராசிரியையின் பென்டிரைவில் எல்லாக் கோப்பும் காணாமல் போனதுபோல் தெரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டார். லினக்ஸ் சிஸ்டத்தில் செருகியபோது எல்லாம் அப்படியே இருந்தன. விண்டோஸுக்கென எழுதிய அந்த வைரஸ் இங்கே ஓடாது, அது மறைத்த கோப்பும் இங்கே கண்ணுக்குத் தெரியும். அன்றிலிருந்து லேப் வாசலில் ஒரு லினக்ஸ் சிஸ்டம் பென்டிரைவ் பார்ப்பதற்கென்றே இருக்கிறது. நான்கு வழியில் எதை எடுத்தாலும், இந்த ஒன்றை எந்தக் கல்லூரியும் நாளைக்கே செய்யலாம்.

லினக்ஸின் குறையையும் சொல்லியாக வேண்டும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது, விபி டாட் நெட் நிரல்மொழிப் பிராக்டிகலும் அப்படியே. அதனால் வணிகவியல் லேபில் லினக்ஸ் சரிவராது. எங்கள் அலுவலகத்தின் பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓடவைக்க இரண்டு நாள் போராடித் தோற்றேன். யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களும் சிக்கல்தான். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டாலும், அலுவலகக் கோப்புகளில் பழைய எழுத்துரு இன்னும் வாழ்கிறது. புதிதாகத் தட்டச்சு கற்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, தமிழ் 99 விசைப்பலகையை லினக்ஸில் சில நிமிடத்தில் சேர்த்துவிடலாம்.

இன்னொன்று, பழுது பார்ப்பது. விண்டோஸ் என்றால் கடையிலிருந்து யாராவது வருவார்கள். லினக்ஸ் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான் வேலையை விட்டுப் போனால்? இதைப் பற்றி நிறைய யோசித்தேன். நிறுவுவது, யூசர் உருவாக்குவது, நெட் வராவிட்டால் எங்கே பார்ப்பது என்று எல்லாவற்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி லேப் பீரோவில் வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேர் அதை மட்டும் பார்த்தே ஒரு சிஸ்டத்தைத் தயார் செய்துகாட்டினார்கள்.

ஆக, கல்லூரி முழுக்க ஒரே முடிவு எடுக்கத் தேவையில்லை, அறைக்கு அறை எடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. கணினி அறிவியல் லேபும் நூலகமும் லினக்ஸ். வணிகவியல் லேப் கல்வி விலையில் அப்டேட் வாங்கிய விண்டோஸ் 10. அலுவலகத்துக்குப் புது சிஸ்டத்தில் விண்டோஸ் 11.

கையில் இருக்கும் பணத்தை அலுவலகத்தில் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வாங்கும் பிள்ளைகளின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. அந்த சிஸ்டத்துக்கு இருந்த பாஸ்வேர்டு கல்லூரிப் பெயரோடு 123. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தார்கள். லேபில் வைரஸ் வந்தால் ஒரு வகுப்பு போகும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இங்கே திருடு போனால் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுடைய கணக்கு விவரம் யார் கைக்கோ போய்விடும்.

இப்போது அங்கே ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அட்மின் பாஸ்வேர்டு சீல் வைத்த கவரில் முதல்வரிடம் இருக்கிறது. வேலை முடிந்த ஆதார் நகல்களை மாதக் கடைசியில் அழிக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்து, கேபிளைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால் கேபிளைக் கழற்றும் வேலையை மட்டும் கண்காணிப்பாளர் தானே ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை நான் லீவில் இருந்தால், "எடுத்து வச்சிட்டேன் தம்பி" என்று போன் செய்து சொல்லிவிடுவார்.