சவுண்ட் கார்டா, யூஎஸ்பி இன்டர்ஃபேஸா? வீட்டில் பாட்டு பண்ணுகிறவர்களுக்கு ஓர் அலசல்

கணினியோடு வந்த ஆடியோ ஜாக்கில் கிட்டாரைச் சொருகி முதல்முறை பதிவு செய்தபோது, வாசித்தது நான், கேட்டது மவுஸ் என்று ஆகிவிட்டது. ஹெட்போனில் கேட்டால் கிட்டாருக்கு அடியில் மெல்லிசாக ஒரு கீச்சொலி, மவுஸை நகர்த்தினால் 'சிர்ர்ர்', பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் அதே ஒலி கொஞ்சம் மேலே ஏறும், கையை எடுத்தால் அடங்கும். இரண்டு வாரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேபிள் மேல் தப்பே இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஆடியோ சிப், புராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர். அவை மின்சாரத்தை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஏற்ற இறக்கம் கிரவுண்ட் வழியாக ஆடியோவுக்குள் கசிகிறது. கிட்டார் பிக்கப் தருவதோ துளியூண்டு சிக்னல். அதைக் கேட்கிற அளவுக்குப் பெருக்கும்போது கசிவும் சேர்ந்தே பெருகுகிறது.

இதைப் படித்துவிட்டு மதர்போர்டு ஆடியோ குப்பை என்று முடிவு கட்ட வேண்டாம். மைக்கும் கிடையாது, கிட்டாரும் கிடையாது, ஒரு மிடி கீபோர்டும் (தானாக ஒலி எழுப்பாமல், எந்த விசையை அழுத்தினீர்கள் என்பதை மட்டும் கணினிக்குச் சொல்லும் கீபோர்டு) மென்பொருள் வாத்தியங்களும்தான் என்றால் உங்களுக்கு உள்ளே வரும் வழி தேவையே இல்லை, வெளியே போகும் வழி போதும், அந்த விஷயத்தில் இப்போதைய சிப்கள் ஒன்றும் மோசமில்லை. அங்கே குறை ஒலியில் இல்லை, டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில். விண்டோஸில் சாதாரண வழியாகப் போகும் ஒலி, எல்லா நிரல்களின் சத்தத்தையும் கலக்கும் ஒரு மிக்ஸரைக் கடந்துதான் போகும். அதனால் விசையை அழுத்திய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும். அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்க இசை மென்பொருள் நிறுவனமான ஸ்டெய்ன்பெர்க் 1997-இல் கொண்டுவந்த டிரைவர் முறைதான் ஏசியோ. ஏசியோ டிரைவர் இல்லாத கார்டுக்கு 'ஏசியோ ஃபார் ஆல்' என்ற இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸ் டிரைவரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இசை மென்பொருளிடம் 'நானும் ஏசியோதான்' என்று வேஷம் போடும். பல கணினிகளில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கார்டைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும், உலாவியில் ஒரு வீடியோவைத் திறந்தால் சத்தம் வராது. மேக்கில் இந்தத் தொல்லை கிடையாது, மேக்கின் சொந்த ஒலி அமைப்பான கோர் ஆடியோ அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆகவே மேக்கும் மிடி கீபோர்டும் வைத்திருப்பவர் ஆறு மாதம் எதுவும் வாங்காமலேயே ஓட்டலாம்.

தாமதம் என்று எல்லோரும் பேசுகிறார்கள், கணக்கு என்னவோ எளிதுதான். பஃபர் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் தற்காலிக இடம்) 256 சாம்பிள், வேகம் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48 ஆயிரம் சாம்பிள், என்றால் 256-ஐ 48-ஆல் வகுத்தால் 5.3 மில்லி விநாடி. இது ஒரு பக்கத்துக்கு. உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, அதன் மேல் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் மாற்றிகள் எடுக்கும் நேரம், டிரைவர் தன் பாதுகாப்புக்காக ஒளித்து வைத்திருக்கும் கூடுதல் பஃபர், எல்லாம் சேர்ந்தால் 12, 15 என்று போகும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகிறது, எனவே 10 மில்லி விநாடி என்பது ஆம்ப்ளிஃபையரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது மாதிரி. மேடையில் தினமும் நடப்பதுதான், கிட்டார் வாசிப்பவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பாடுகிறவருக்கு வேறு கதை. தன் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடுகிறது, ஹெட்போன் வழியாக வருவது சற்றுப் பிந்தி அதோடு மோதுகிறது. குழாய்க்குள் நின்று பாடுகிற மாதிரி ஒரு வெறுமையான ஒலி. அதற்காகத்தான் இன்டர்ஃபேஸ்களில், அதாவது மைக்கையும் கிட்டாரையும் சொருகி யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் வெளிப்பெட்டிகளில், 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான். குரல் கணினிக்குள் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பாடகர் என்றால் இது இல்லாத எதையும் வாங்காதீர்கள், மற்ற அம்சங்கள் என்னவாக இருந்தாலும் சரி.

இனி உள்ளே சொருகும் கார்டுகள். ஒரு காலத்தில் வீட்டு ஸ்டூடியோ என்றாலே எம்-ஆடியோவின் ஆடியோஃபைல் 2496 போன்ற பிசிஐ கார்டுகள்தான். பெயரிலேயே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதி ஒட்டியிருந்தது. இன்றைய மதர்போர்டுகளில் அந்தப் பழைய ஸ்லாட் அநேகமாகக் கிடையாது. இப்போது 'சவுண்ட் கார்டு' என்று தேடினால் கிடைக்கும் சவுண்ட் பிளாஸ்டர் வகைகள் விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் செய்தவை. சரவுண்ட், விளக்கு, ஹெட்போன் ஆம்ப் எல்லாம் உண்டு. ஸ்டூடியோ மைக்கைச் சொருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டும், கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேண்டம் பவரும் பெரும்பாலும் இருக்காது. பெட்டியில் 120 டெசிபலுக்கு மேல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது வெளியே போகும் ஒலியின் தரம். உள்ளே வருவதைப் பற்றி அந்தப் பெட்டி வாயே திறக்காது. பதிவு செய்பவருக்கு வேண்டியதோ அந்த உள்ளே வரும் பாதை. 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் எல்லாவற்றையும் உள்ளுக்குள் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் வேலை பார்க்கும், 44.1-இல் பதிவு செய்தவர்கள் அதோடு மல்லுக்கட்டிய கதைகள் ஏராளம். விளையாட்டுக்குப் பிறந்ததை ஸ்டூடியோவுக்கு இழுத்தால் இப்படி ஏதாவது இடிக்கத்தான் செய்யும்.

உள்ளே சொருகுவதில் இசைக்கென்றே செய்தவையும் உண்டு, ஆர்எம்இயின் கார்டுகள் மாதிரி. அவை தனி மாற்றிகளும் நிறைய சேனல்களும் வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கு. வீட்டுக்கு வேண்டாம்.

யூஎஸ்பி என்றதும் 'வேகம் போதுமா, யூஎஸ்பி 3 வேண்டாமா' என்று ஒரு சந்தேகம் வரும். இரண்டு சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்: விநாடிக்கு 2.3 மெகாபிட். யூஎஸ்பி 2.0-வின் கொள்ளளவு 480 மெகாபிட். லாரியில் ஒரு தீப்பெட்டி. டைப்-சி என்பது சொருகும் வாயின் வடிவம், அதைப் பார்த்து வேகம் என்று மயங்க வேண்டாம். தண்டர்போல்ட் நிறைய சேனல் ஓட்டுபவர்களுக்கு. ஃபயர்வயர் கருவி ஒன்று மலிவாகக் கைக்கு வந்தால் தொடாதீர்கள், அதைச் சொருக இன்றைய கணினியில் துளை இல்லை.

சரி, நேருக்கு நேர் பார்ப்போம். ஃபோக்கஸ்ரைட்டின் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2 இரண்டும்தான் பெரும்பாலானோர் குழம்பி நிற்கும் ஜோடி. இரண்டிலும் இரண்டு உள்ளீடு, இரண்டிலும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். ஸ்கார்லெட்டின் நான்காம் தலைமுறை 2023-இல் வந்தபோது மைக் கெயின் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) 56 டெசிபலிலிருந்து 69-க்குத் தாவியது, இதுதான் அதில் உண்மையான முன்னேற்றம். ஏன் என்றால், ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் பேசுகிற குரலுக்கே சுமார் 60 டெசிபல் கெயின் கேட்கும், 56 இருக்கும் பெட்டியில் குமிழியைக் கடைசி வரை திருகிவிட்டு இன்னும் கொஞ்சம் வராதா என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாதாரண கண்டென்சர் மைக் அதைவிட 25 டெசிபல் பலமாகவே சிக்னல் தரும், அதற்கு எந்தப் பெட்டியும் போதும். அப்புறம் ஸ்கார்லெட்டில் ஆட்டோ கெயின் உண்டு: பொத்தானை அழுத்தி பத்து விநாடி பாடினால் அளவை அதுவே வைத்துவிடும். தனியாகப் பதிவு செய்பவருக்கு, அதாவது மைக் முன்னாலும் கணினி முன்னாலும் மாறி மாறி ஓடுபவருக்கு, இது நல்ல உதவி. தம்பி ஸ்கார்லெட் சோலோவில் இந்த ஆட்டோ கெயின் இல்லை, மைக் உள்ளீடும் ஒன்றுதான், கெயினும் 57-ஓடு நின்றுவிடும். குரலையும் கிட்டாரையும் இரண்டு மைக் வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்ய ஆசை வரும் நாளில் சோலோ கையை விரிக்கும், அந்த நாள் எல்லோருக்கும் வருகிறது.

எம்2-வில் இப்படி மந்திரமெல்லாம் இல்லை. முன்னால் ஒரு சின்னத் திரை, உள்ளே வரும் அளவும் வெளியே போகும் அளவும் அதில் ஏறி இறங்குவது தெரியும், ஸ்கார்லெட்டின் குமிழியைச் சுற்றி எரியும் வண்ண வளையத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பின்னால் பவர் சுவிட்ச் (இதற்குக்கூட ஏங்க வேண்டியிருக்கிறது), மிடிக்கு ஐந்து பின் சாக்கெட்டுகள். பழைய சின்தசைசர் வைத்திருப்பவருக்கு 2ஐ2 அந்தச் சாக்கெட்டைத் தருவதில்லை. விண்டோஸில் அதன் டிரைவர் சின்ன பஃபரிலும் தடுமாறாமல் நிற்கிறது. மென்பொருள் வாத்தியங்களை வாசித்துக்கொண்டு அவ்வப்போது மைக் போடுபவருக்கு நான் எம்2 என்பேன். டைனமிக் மைக்கில் தனியாளாகப் பாடிப் பதிவு செய்பவருக்கு 2ஐ2.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடியன்ட் ஈவோ 4, ஒற்றைக் குமிழி, தானே அளவு வைக்கும் ஸ்மார்ட்கெயின். கையடக்கமானது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே குமிழி என்பது சிலருக்கு எரிச்சல். எஸ்எஸ்எல் 2-வில் '4கே' என்ற பொத்தான் மேல் ஸ்தாயிக்கு ஒரு மினுக்கு கொடுக்கும். யூனிவர்சல் ஆடியோவின் வோல்ட் 276-இல், பலத்த ஒலியை அமுக்கிச் சமன் செய்யும் அனலாக் கம்ப்ரெசரே இருக்கிறது. கேட்க அழகுதான், ஆனால் அமுக்கியது அமுக்கியபடியே பதிவாகும், பின்னால் பிரித்தெடுக்க முடியாது. பெஹ்ரிங்கரில் யூஎம்சி22, யூஎம்சி202ஹெச்டி இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு வேறு: முன்னது 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கென்று சொந்த ஏசியோ டிரைவர் இல்லை, மறுபடி ஏசியோ ஃபார் ஆலிடம் போய் நிற்க வேண்டும். பின்னதுக்குச் சொந்த டிரைவர் உண்டு. மலிவாக ஆரம்பிக்க வேண்டும் என்றால் பின்னதுதான்.

யூஎஸ்பி மைக் ஒன்றும் போட்டியில் இருக்கிறது. ஒரே குரல், வேறு எதுவும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டாவது மைக் வாங்கும்போதுதான் வினை. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்கும் உள்ளே தனிக் கடிகாரம், இரண்டும் நூலிழை வேறுபாட்டில் ஓடும், நீளமான பதிவில் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். போதாததற்கு ஏசியோ ஒரே நேரத்தில் ஒரு கருவியைத்தான் ஏற்கும். கிட்டாரைச் சொருக அதில் இடமும் இல்லை.

192 கிலோஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 48-இல் 24 பிட் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்கு 17 மெகாபைட், 192-இல் 69. இசை மென்பொருளுக்குள் ஓடும் ப்ளக்-இன் நிரல்களுக்கும் நான்கு மடங்கு வேலை. 24 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே ஏட்டளவில் 144 டெசிபல், நல்ல மாற்றிகளே நடைமுறையில் 120 பக்கம்தான் தொடுகின்றன, உங்கள் அறையில் ஃபேனும் லேப்டாப் விசிறியும் போடும் சத்தம் அதற்கெல்லாம் மேலே மிதந்துகொண்டிருக்கும். 24 பிட்டை விடாதீர்கள், அது இருந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கும்படி நிதானமாகப் பதிவு செய்யலாம், சிதறும் பயம் இல்லை. 192-ஐ மறந்துவிடுங்கள். அதே நேரம் ஹெட்போனைக் கவனியுங்கள்: யூஎஸ்பி 2.0-வின் வழக்கமான மின்வரம்பு 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், மொத்தம் இரண்டரை வாட். அதிலேயே எல்லாவற்றையும் ஓட்டும் சின்னப் பெட்டியில் 250 ஓம் ஹெட்போனை மாட்டினால் முனகும். 80 ஓம் அல்லது அதற்குக் கீழே பாருங்கள்.

விலை ஏறிய ரகத்தில் ஆர்எம்இ பேபிஃபேஸ் ப்ரோவும், யூனிவர்சல் ஆடியோவின் அப்போலோ சோலோவும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எம்2-வுக்கும் பேபிஃபேஸுக்கும் ஒலியில் நான் வித்தியாசம் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். பேபிஃபேஸில் காசு போவது டிரைவருக்கு, பழைய கருவிகளுக்கும் ஆண்டுக்கணக்கில் டிரைவர் விடுவதற்கு, பின்னால் எட்டு சேனல் சேர்க்க உதவும் ஏடாட் ஆப்டிகல் சாக்கெட்டுக்கு. டிரம்ஸ் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் அந்தச் சாக்கெட் உங்களுக்குப் பெரிய விஷயம். அப்போலோவின் பெருமை அதன் உள்ளே இருக்கும் சிப். பாடும்போதே ப்ளக்-இன்னோடு தாமதமில்லாமல் கேட்கலாம். ஆனால் 2022 முதல் அந்த ப்ளக்-இன்கள் பலவற்றைச் சாதாரண கணினியிலேயே ஓட்ட வழி செய்துவிட்டார்கள், அப்போலோ வாங்குவதற்கான காரணம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை. ஒரு கேபிளை எடுத்து வெளியீடு ஒன்றிலிருந்து உள்ளீடு ஒன்றுக்கு நேராகச் சொருகுங்கள். ஒரு டிராக்கில் ஒற்றைக் 'டக்' சத்தத்தை ஓடவிட்டு அடுத்த டிராக்கில் பதிவு செய்து, இரண்டையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மென்பொருள் தாமதத்தைத் தானே ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லும். டிரைவர் அதனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு 'டக்'கும் ஒன்றின் கீழ் ஒன்று நிற்க வேண்டும். என் பெட்டியில் இரண்டாவது 61 சாம்பிள் தள்ளி நின்றது, ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். ரீப்பர் என்ற என் இசை மென்பொருளின் பதிவு அமைப்பில் அந்த 61-ஐத் தட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன், இரண்டு கோடும் நேராக நின்றன.